மறக்க முடியாத மெண்டோசாக்காரர்

எவாரிஸ்தோ வாசலிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

டாங்கோ விருந்துக்கு வரும் சுற்றுலாக்காரர்களை நாட்டியக்காரி மிலாக்ரோஸோடு நிற்க வைத்துப் படம் எடுப்பது நொயேலியாவின் வேலை. அவர்கள் வீடு திரும்பும்போது அதை உறையில் போட்டுத் தலையில் கட்டுவாள். மற்றவர்கள் கூச்சத்தோடு பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்தார்கள். எவாரிஸ்தோ நகரவில்லை.

“நீ என்னம்மா ஆடப்போற? நான் மேடை ஏறினா உன் ஜோடிக்கு நாளையிலேருந்து வேலை இருக்காது.”

“அப்படியா சார்? எந்த ஊரு?”

“மெண்டோசா. ஒன்பதாம் மேசை. ஞாபகம் வச்சுக்கோ.”

மிலாக்ரோஸ் சிரித்தாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

இரண்டு தெரு தள்ளி அவருடைய சித்தப்பா மகன் லெயாந்த்ரோவின் வீடு. அங்கே அலமாரியில் சித்தப்பாவின் தங்கக் கடிகாரம் இருந்தது. “இது எவாரிஸ்தோவுக்குத்தான்” என்று உயிர் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷன். ஆனால் கண்ணை மூடிய அன்றே லெயாந்த்ரோ அதை அமுக்கிவிட்டான். துக்க வீட்டிலேயே இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கடிகாரம் காணாமல் போனால் போலீஸ் முதலில் தேடப்போவது எவாரிஸ்தோவைத்தான்.

அப்போது அவர் இந்த ஹாலில் இருந்தார் என்று சொல்ல ஆள் வேண்டும். இருநூறு பேர் சொன்னால் இன்னும் நல்லது.

சர்வர் ராமிரோ ஒயின் ஊற்றினான். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“தம்பி, இது ஒயினா, வினிகரா? ஒயின் விளையற ஊர்க்காரன்கிட்டயே இதைக் கொண்டாந்து வைக்கிறியே.”

“சார், இதுவும் மெண்டோசா ஒயின்தான்.”

“அப்படின்னா வர்ற வழியில கெட்டுப்போயிருக்கு.”

பக்கத்து மேசை ஜெர்மன் தம்பதிக்கு மொழி புரியாவிட்டாலும் சிரிப்பு வந்தது. சுட்ட மாட்டிறைச்சியை எவாரிஸ்தோ இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை சமையல்காரரே வெளியே வந்து மன்னிப்புக் கேட்டார். எவாரிஸ்தோ அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். ஹால் கை தட்டியது.

பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பத்தே காலுக்கு விளக்குகள் அணைந்து, பாண்டோனியன் என்ற துருத்தி வாத்தியம் வாசிப்பவர் மட்டும் மேடையில் இழைக்க ஆரம்பித்தார். எவாரிஸ்தோ நைசாக எழுந்தார். கழிவறை ஜன்னல், பின் சந்து, இரண்டு தெரு. லெயாந்த்ரோ கால்பந்துக் கிளப் விருந்துக்குப் போயிருந்தான். சாவி எப்போதும்போலச் செடித்தொட்டிக்கு அடியில்.

முப்பதே நிமிடத்தில் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடிகாரம் இடது கால் சாக்ஸுக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசை ஜெர்மன்காரம்மா அவர் தோளைத் தட்டி விழுந்து விழுந்து சிரித்தார். எதிர் மேசைக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்கள். ராமிரோ இனிப்பை வைத்துவிட்டு, “உங்களை இனிமே யாரும் மறக்க மாட்டாங்க சார்” என்றான்.

ஒயின் சண்டை இவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று எவாரிஸ்தோவே எதிர்பார்க்கவில்லை. பெருமையாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் தொண்டை வலிக்க ‘பிராவோ’ சொன்னார்.

நொயேலியா வந்து உறையை நீட்டினாள். “உங்களோடது ரெண்டு படம் சார். ரெண்டும் பிரமாதமா வந்திருக்கு. மணி கூட மூலையில விழுந்திருக்கு பாருங்க.”

பேரம் பேசாமல் வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அங்கே லெயாந்த்ரோ நின்றான். கூடவே இன்ஸ்பெக்டர் இபார்ரா.

“இவன்தான் சார். இன்னைக்கு ராத்திரி இங்கதான் இருப்பேன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கான். கேக்கவே வேணாம், இவனேதான்” என்றான் லெயாந்த்ரோ.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்ற இன்ஸ்பெக்டர், எவாரிஸ்தோவின் பக்கம் திரும்பினார். “இவர் வீட்டுல பத்தரை மணிக்கு விளக்கு எரிஞ்சதை எதிர்வீட்டுக்காரங்க பார்த்திருக்காங்க. அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?”

“இங்கதான். ஒன்பதாம் மேசை. யாரை வேணும்னாலும் கேளுங்க.”

இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் வந்த ராமிரோவை நிறுத்தினார். “இவரை ஞாபகம் இருக்கா?”

“இவரையா? இந்த ஹாலே மறக்காது சார்.”

எவாரிஸ்தோ லெயாந்த்ரோவைப் பார்த்துப் புன்னகைத்தார். அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. உறையை எடுத்து நீட்டினார். “வாய் வார்த்தை எதுக்கு சார்? படமே இருக்கு. மணியோட.”

இன்ஸ்பெக்டர் முதல் படத்தைப் பார்த்தார். மிலாக்ரோஸின் இடுப்பில் கை, முகமெல்லாம் பல். “இது எட்டே முக்கால். வாசல்ல எடுத்தது.”

“இன்னொண்ணு இருக்கே. அதையும் பாருங்க.”

இன்ஸ்பெக்டர் இரண்டாவது படத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு அதை எவாரிஸ்தோவின் பக்கமே திருப்பிக் காட்டினார்.

10.31 என்று மூலையில் விழுந்திருந்த அந்தப் படத்தில், ஹாலே எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருக்க, ஸ்பாட் லைட் வெளிச்சத்தில் குனிந்து கையை நீட்டி மிலாக்ரோஸ் ஆட அழைத்துக்கொண்டிருந்தது, ஒன்பதாம் மேசையின் காலி நாற்காலியை.