எந்தக் கடை

"இன்னிக்கும் அந்தக் கூட்டத்துக்குப் போகலைன்னா நானும் புள்ளையும் இங்க இருக்க மாட்டோம்" என்று மனைவி பொற்கொடி ஒரு போன் நம்பரை எழுதித் தவசிமணியின் கையில் திணித்தாள். குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம். ஆறு மணிக்கு. தவசிமணி பஸ்ஸை விட்டு இறங்கியதும் போன் போட்டான். எடுத்தவர் தன் பெயர் அருள் என்றார்.

"நேரா வாங்க தம்பி, கடைக்கு எதிர்த்த மாடிதான்."

குடிக்கிறவனுக்குக் கடை என்றால் ஒயின்ஷாப் ஒன்றுதான். யாரிடமும் வழி கேட்காமலே தவசிமணி வந்து சேர்ந்தான். எதிரே மாடியும் இல்லை, வீடும் இல்லை. காலி மனையில் பாட்டில்கள் கிடந்தன. மறுபடி போன் போட்டான்.

"அண்ணே, கடைகிட்டதான் நிக்கிறேன். மாடியைக் காணோமே?"

"எந்தக் கடை?"

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "யோவ், பேசுறதுன்னா ஓரமாப் போய்ப் பேசுய்யா. வரிசை நிக்குதுல்ல?"

அது அருளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"நான் சொன்னது ஜெராக்ஸ் கடை, தம்பி."

"நீங்களே வந்து கூட்டிட்டுப் போயிடுங்கண்ணே."

"அந்தத் தெருவுல நான் கால் வச்சு ஒன்பது வருசமாச்சு. வந்தா ரெண்டு பேருமே திரும்ப மாட்டோம். போனை வைக்காதீங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க நடங்க. நடக்குறீங்களா?"

வரிசை ஓரடி நகர்ந்தது. அவனும் நகர்ந்தான்.

"நடக்குறேண்ணே."

முன்னால் இன்னும் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.