லண்டன் ரயிலில் கார்மேகம்

கார்மேகம் வாயைத் திறந்தால் கோபாலசாமியின் மானம் கப்பலேறிவிடும்.

ஆனால் திறக்காமல் இருக்க முடியாது. பிளேனில் வெளியூர் போய்விட்டு வந்தவன் கேம்ப்பில் உட்கார்ந்து கதை சொல்லியே ஆகவேண்டும். 1976-இல் வளைகுடாவில் இருந்த அந்த அஜ்மான் லேபர் கேம்ப்பில் அது எழுதாத சட்டம்.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கார்மேகத்தின் ரூமில் கூட்டம் கூடிவிட்டது. மேனேஜர் சேதுமாதவனே வந்து முதல் ஆளாகக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

சைட்டில் இரும்புத் துணுக்கு தெறித்து கார்மேகத்துக்கு இடது கண் போக இருந்தது. முதலாளி அரபி பெரிய மனசு பண்ணி லண்டனுக்கு அனுப்பினார். கூடத் துணைக்குப் போனவர், இங்கிலீஷ் தெரிந்த ஆபீஸ் செக்ரட்டரி கோபாலசாமி.

"லண்டன்ல ரயிலு பூமிக்கு அடியில ஓடுதாமே?" சமையல்காரர் கௌஸ் முகைதீன் ஆரம்பித்து வைத்தார்.

"ஆமா பாய். பெருச்சாளி மாதிரி உள்ளுக்குள்ளயே போகுது."

கதவோரம் நின்றிருந்த கோபாலசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ரயிலில்தானே எல்லாம் நடந்தது!

கேம்ப் பஸ்ஸில் ஒரு பழக்கம் உண்டு. இறங்குகிற இடத்தை முதலில் பார்ப்பவன், தூங்கி வழிகிறவர்களை எல்லாம் 'யல்லா', அதாவது அரபியில் 'கிளம்பு', என்று சத்தம் போட்டு எழுப்பவேண்டும். கண்ணில் கட்டோடு லண்டன் ரயிலில் ஏறிய கார்மேகம், அங்கேயும் அந்தக் கடமையை விடவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எழுந்து நின்றான்.

"யல்லா! யல்லா! ஸ்டேஷன் வந்திருச்சு, எந்திரிங்க!"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கோபாலசாமி கூசிப்போனார். நைசாக எழுந்து பெட்டியின் அந்தக் கோடிக்குப் போய், இவன் யாரோ நான் யாரோ என்று நின்றுகொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்தது. "கார்மேகம்" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அத்தனை பேர் முன்னால் எப்படிக் கொடுப்பது? தானே பின்னால் வந்துவிடுவான் என்று இறங்கினார். கதவு மூடிக்கொண்டது. கார்மேகம் உள்ளேயே போய்விட்டான்.

அலறி அடித்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்துத் தேடிப் போனார். கடைசி ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான் கார்மேகம். யாரோ ஒரு வயசான வெள்ளைக்காரி பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் பிரிந்துவிட்டோம் என்று அவளிடம் இங்கிலீஷில் சமாளித்தார். கார்மேகம் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வரும்வரை கேட்கவில்லை.

இப்போது சொல்லப்போகிறான்.

"பாஷை தெரியாத ஊர்ல பயமா இல்லையா கார்மேகம்?" என்றார் மேனேஜர்.

"எனக்கென்ன சார் பயம்? நம்ம கோபாலசாமி சார் புடிச்ச கையை விடவே இல்லையே! நான் பாட்டுக்கு யல்லான்னு கத்துறேன், வெள்ளைக்காரனெல்லாம் சிரிக்கிறான். 'சிரிச்சா சிரிக்கட்டும்ப்பா, நான் இருக்கேன்'னு ஒட்டிக்கிட்டே நின்னாரு. பெத்த தாய்கூட அப்படிப் பாத்துக்க மாட்டா."

எல்லோரும் கோபாலசாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். அவர் தலை குனிந்தது. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அப்ப சரி, அடுத்த மாசம் லண்டன் போற அம்மையப்பனையும் நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார் மேனேஜர்.

அம்மையப்பன் மூலையில் உட்கார்ந்திருந்தான். சிமென்ட் கலவை தெறித்து இரண்டு கண்ணிலும் கட்டு.

"சார் கூட வந்தா எனக்கு ஒரு பயமும் இல்லீங்க" என்று, அவர் நிற்கும் பக்கம் தெரியாமல் சுவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

கூட்டம் கலைந்தது. வெளியே தண்ணீர்த் தொட்டி அருகில் கார்மேகத்தைத் தனியாகப் பிடித்தார் கோபாலசாமி.

"நான் வேணும்னுதான் தள்ளிப் போய் நின்னேன்னு உனக்குத் தெரியாதா கார்மேகம்?"

"தெரியும் சார். கட்டுப் போட்டிருந்தது ஒரு கண்ணுலதான?"



"என் மானத்தைக் காப்பாத்தவா இவ்வளவு பெரிய பொய் சொன்னே? எனக்கு அந்தத் தகுதியே இல்லப்பா."

"உங்களுக்காக இல்ல சார்" என்றான் கார்மேகம். "அம்மையப்பனுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. இத்தனை பேரு முன்னால இப்படிச் சொல்லி வச்சாத்தான், அங்கன போயி அவன் கையை விட மாட்டீங்க."