நான்கு ஹெல்மெட்டும் ஒரு பாட்டும்

ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் நால்வர் ராக் பேண்ட் தொடங்கி, முதல் பாட்டின் வீடியோவை யூடியூபில் ஏற்றினார்கள். கம்பெனியைத் திட்டும் பாட்டு. ஆகவே முகம் தெரியாமலிருக்க வேலைக்குக் கொடுத்த ஹெல்மெட், கண்ணாடி, மாஸ்க், கையுறை சகிதம் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் ஆடியிருந்தார்கள்.

மறுநாளே எச்.ஆர். மேனேஜர் ஜயஸ்ரீ, பாடகன் லோகேஷை அழைத்தார். அவன் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது.

“வீடியோல பாடுறது நீங்கதானே?”

“ஐயோ, நான் இல்ல மேடம்! அவன் யாருன்னே தெரியாது!”

“ஹெல்மெட்ல உங்க எம்ப்ளாயி நம்பர் இருக்கே.”

லோகேஷ் தன்னையறியாமல் தலையைத் தடவிப் பார்த்தான்.

“பயப்படாதீங்க. கிடார் வாசிக்கும்போதுகூட கிளவுஸ் கழட்டல பாருங்க! பாதுகாப்பு வாரத்துல முதல் பரிசு உங்களுக்குத்தான். புதுசா சேர்றவங்களுக்கெல்லாம் இதைத்தான் போட்டுக் காட்டப்போறோம்.”

“பாட்டு புடிச்சிருந்துச்சா மேடம்?”

“ஆபீஸ்ல சத்தம் வைக்க முடியுமா? ம்யூட்லதான் பார்த்தேன். புதுசா சேர்றவங்களுக்கும் ம்யூட்லதான் ஓடும்.”

லோகேஷுக்குள் இருந்த கலைஞனுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா மேடம், ஆறு மாசம் உக்காந்து எழுதனது! பல்லவிய மட்டுமாவது கேளுங்க” என்று எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு உரக்கப் பாடினான்:

“ஜயஸ்ரீ... ஜயஸ்ரீ... லீவு கேட்டா ஏன் மொறைக்கிற நீ?”