நூற்றுப் பன்னிரண்டாம் தாள்

"படிச்சீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க மேடம்."

தான் எழுதிய நாவலின் தாள்கட்டை மேஜைமேல் பொத்தென்று வைத்தார் லிஃப்ட் மெக்கானிக். பதிப்பகம் இருந்த மூன்றாவது மாடிக்குப் படியேறியே வந்திருந்தார். அந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் உண்டு. கோபத்தில் அது அவர் கண்ணில் படவில்லை.

எதிரே இருந்தவர், வருகிற நாவல்களையெல்லாம் படித்துவிட்டு முதலாளியிடம் சொல்கிற அம்மாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திருப்பி அனுப்பும்போது லெட்டர் வெச்சிருந்தோமே சார்."

"லெட்டர் கிடக்கட்டும். இதைப் பாருங்க. நூத்திப் பன்னிரண்டாம் தாளும் நூத்திப் பதிமூணாம் தாளும் ஒட்டிக்கிட்டிருக்கு. நான்தான் ஒரு பொட்டு பசை வெச்சு ஒட்டினேன். எப்படிப் போச்சோ அப்படியே திரும்பி வந்திருக்கு."

இது அவர் தொழிலில் கற்ற வித்தை. லிஃப்டைச் சரிசெய்ததும், கன்ட்ரோல் பெட்டிக் கதவின் இடுக்கில் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு வருவார். அடுத்த முறை அது கிழிந்திருந்தால் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அம்மாள் அந்தத் தாள்களைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"படிக்கலை சார். நேரம் கிடைக்கலை."

"ஏழு வருஷம் மேடம். மோட்டார் ரூம்ல உக்காந்து, கிடைச்ச நேரத்துல எல்லாம் எழுதினது. என் வீட்டுக்காரியே 'அச்சாகட்டும், அப்புறம் படிக்கிறேன்'ங்கிறா. முன்னே பின்னே தெரியாத ஒரே ஒரு ஆள் இதை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிக்கணும். வேற எதுக்கும் நான் ஆசைப்படலை. கூட வெச்ச லெட்டர்லயே எழுதியிருந்தேனே, யாராவது முழுசாப் படிச்சுட்டு வேணாம்னு சொன்னா, கட்டிப் பரண்ல போட்டுட்டு என் வேலையைப் பாக்கறேன்னு."

"எழுதியிருந்தீங்க."

"அதைப் படிக்க மட்டும் நேரம் இருந்ததாக்கும்."

பக்கத்து மேஜைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அம்மாள் தாள்களை அடுக்கி அவர் பக்கம் நகர்த்தினார்.

"வேற இடத்துக்கு அனுப்புங்க சார்," என்றார். "முதல் நாவல் எழுதறவங்களுக்கு நான் சொல்றது இது ஒண்ணுதான். ஒரு வாசலோட நிறுத்திடாதீங்க."

"அனுப்பத்தான் போறேன். உங்க கண்ணு முன்னாடியே இது புத்தகமா வரும். வந்தாலும் நீங்க படிக்கப் போறதில்லை."

ஒட்டிய தாள்களைப் பிரிக்காமல் அதே கட்டை வேறொரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். இவர்கள் லட்சணமும் தெரியட்டுமே.

அனுப்பிவிட்டாரே தவிர, மனுஷன் தவித்துப்போனார். இந்நேரம் யாராவது பிரித்திருப்பார்களா, எத்தனையாவது பக்கத்தில் இருப்பார்கள் என்று வேலைக்கு நடுவே யோசிப்பார். தபால்காரர் தெருமுனையில் திரும்பினால், கட்டு திரும்பி வந்துவிடக் கூடாதே என்றிருக்கும்.

நான்காவது மாதம் ஃபோன் வந்தது. அப்போது ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார்.

"சார், உங்க நாவலை நாங்க போடறோம்."

அவர் பக்கத்துக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"முழுசா... படிச்சீங்களா?"

"படிக்காம போடுவோமா? ஒட்டியிருந்த தாளைக்கூடப் பிரிச்சுப் படிச்சாச்சு. அதுக்குள்ளே பென்சில்ல ஒரு குறிப்பு இருந்ததே, யார் சார் எழுதினது?"

"குறிப்பா? நான் எதுவும் எழுதலையே."

"நூத்திப் பன்னிரண்டாம் தாளோட பின்பக்கம். வாசிக்கிறேன், கேளுங்க."

வாசித்தார்.

"அடுத்துப் படிப்பவருக்கு: எங்கள் முதலாளி இதை வேண்டாம் என்றுவிட்டார். நான் இரண்டு முறை படித்தேன். இந்த இடத்தில் இரண்டு முறையும் அழுதேன். படித்துவிட்டுத்தான் திருப்பினோம் என்று தெரிந்தால், இவர் நாவலைப் பரணில் போட்டுவிடுவார். அதனால் தாளை மறுபடியும் ஒட்டிவைக்கிறேன். என்னைத் திட்டிவிட்டாவது உங்களிடம் வரட்டும்."