கதவுக்கு இந்தப் பக்கம்

"பெரிய டாக்டர் உள்ள இல்லையாம்மா! வேற ஏதோ அவசரக் கேஸ்னு பாதியில கிளம்பிப் போயிட்டாராம். இப்பதான் நர்ஸ் சொல்லிட்டுப் போகுது."

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது தையற்காரம்மாவுக்கு. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கொட்டிவிட்டாள். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவளாம். காலையிலிருந்து அலட்டலே இல்லாமல் அமைதியாக இருந்ததால், வார்டில் யாரையோ பார்க்க வந்தவள் என்றுதான் தையற்காரம்மா நினைத்திருந்தாள்.

"எந்த டாக்டர்க்கா? இதய டாக்டரா?"

"அவரேதான்."

வேன்காரியின் முகம் சட்டென்று வெளுத்தது. அடுத்தவர் கஷ்டத்துக்கு இப்படி வெளுத்துப்போகிற மனசா என்று தையற்காரம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அவர் கூட இருக்காருங்கிற தைரியத்துலதான் நான் உக்காந்திருந்தேன். உள்ள போறப்ப என் பொண்ணு கையைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்துது. 'ஜெபம் பண்ணிக்கோம்மா'ன்னு மட்டும் சொன்னா. திரும்பிக்கூடப் பார்க்கல."

"ஒரே பொண்ணா?"

"ஒரே பொண்ணு. அப்பா இல்லாத பிள்ளை. என் மெஷின் சத்தத்துலயே வளர்ந்தவ." கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை அப்போதுதான் கவனித்து, எடுத்துப் பையில் திணித்தாள். "காலையிலேருந்து ஜெபம்தான் பண்றேன். ஆனா வாயைத் திறந்தா, கரண்டு போயிடக் கூடாது ஆண்டவரே, மெஷின் நின்னுடக் கூடாது ஆண்டவரேன்னுதான் வருது. பாவம், அவருக்கே தோணாத ஆபத்தையெல்லாம் நான் எடுத்துக் குடுத்துக்கிட்டிருக்கேன்."

வேன்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியிருந்தது.

"நானும் அப்படித்தான்க்கா இருந்தேன். ஆமென் சொல்றப்ப முன்னைவிட ஜாஸ்தி பயம் இருக்கும். ஒருநாள் எனக்கே அலுத்துப்போச்சு. கேக்கிறதை நிறுத்திட்டு நன்றி சொல்ல ஆரம்பிச்சேன். எதை நினைச்சுப் பயமோ, அதுக்கே நன்றி."

"அது எப்படிம்மா வாயில வரும்?"

"சொல்லுங்க பார்ப்போம். முதல்ல எதுக்குப் பயம்?"

"கரண்டு."

வேன்காரி கண்ணை மூடிக்கொண்டாள். "ஆண்டவரே, இந்த நிமிஷம் வரைக்கும் போகாம இருக்கிற கரண்டுக்காக ஸ்தோத்திரம். போனாலும் பரவாயில்லைன்னு கீழே ஜெனரேட்டர் பக்கத்துல கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற அண்ணனுக்காகவும் ஸ்தோத்திரம்."

அந்த நிலைமையிலும் தையற்காரம்மாவின் உதட்டோரம் அசைந்தது.

"அடுத்தது?"

"அந்த மெஷின். இதயத்தை நிறுத்தி வெச்சுட்டு, அதுதான் ரத்தத்தை ஓட வைக்குமாமே."

"அதைக் கண்டுபிடிக்கிற புத்தியை மனுஷனுக்குக் குடுத்தீங்களே, நன்றி அப்பா. ஒவ்வொரு திருகா முடுக்கி அதைச் செஞ்சவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவங்களை ஆசீர்வதிங்க."

"கை..." என்றாள் தையற்காரம்மா. "கை நடுங்கிட்டா?"

பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்த வேன்காரியின் விரல்கள் வெளுத்திருந்தன. பிறகு, பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"உள்ளே இப்பக் கத்தியைப் பிடிச்சிருக்கிற கைக்காக நன்றி ஆண்டவரே. அது பெரிய டாக்டரோட கை இல்லாட்டியும், நீங்க படைச்ச கைதான். அந்தக் கைக்குச் சோறு ஊட்டி வளர்த்த தாய்க்காகவும் நன்றி."

தையற்காரம்மா அவள் தோளில் முகம் புதைத்து அழுதாள். அழுது முடித்ததும் மனசு இத்தனை லேசாகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சர்களின் கடகடப்பு, செருப்புச் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுவது எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. பயம் இருந்த இடத்தில் இன்னதென்று சொல்லத் தெரியாத ஒன்று வந்து நிறைந்திருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் யாரோ பெரியவர் வந்து நிற்கிறார் என்பதுபோல. அவள் வாயே தானாக, "நன்றி அப்பா, நன்றி அப்பா" என்று முணுமுணுத்தது.

கதவு திறந்தது.

பச்சை உடையும் முகக்கவசமுமாக லேடி டாக்டர் ஒருத்தி வெளியே வந்தாள். தையற்காரம்மா எழ முயன்றாள். டாக்டர் அவளைப் பார்க்காமல் நேரே வேன்காரியிடம் போனாள்.

"உங்க பையன் நல்லா இருக்கான். ஓட்டையை அடைச்சாச்சு. திரும்ப ரத்தத்தை விட்டதும், நாங்க யாரும் தொடவே இல்லைங்க. அந்தக் குட்டி இதயம் அதுவா ஒரு துடி துடிச்சுது. அப்புறம் இன்னொண்ணு. நாங்க எல்லாரும் பேச்சு மூச்சில்லாம அதையே பார்த்துக்கிட்டு நின்னுட்டோம்."

வேன்காரி டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு, அப்படியே தரையில் முழங்காலிட்டாள்.

"உன் பையனா?" தையற்காரம்மா குனிந்து அவள் தோளைத் தொட்டாள். "உள்ள இருந்தது உன் பிள்ளையா? அடி அம்மா, அதை வெச்சுக்கிட்டா எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டிருந்தே?"

முகக்கவசத்தைக் கழற்றிய டாக்டர், இப்போதுதான் வந்து தையற்காரம்மாவின் மடியில் முகம் புதைத்தாள்: "அம்மா, பெரிய டாக்டர் போனதும் உன் பொண்ணு தனியாவே ஆபரேஷனை செஞ்சு முடிச்சுட்டாம்மா!"