சர்வருக்குப் பொட்டு

"ஏன் அத்தை, கம்ப்யூட்டரப் போயி யாராவது ஈரத்துணியில தொடைப்பாங்களா?"

எழிலரசன் போட்ட சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. ஆயுத பூஜையும் அதுவுமாக மாமியாரிடம் இப்படிக் கத்துவோம் என்று அவனே நினைக்கவில்லை.

கத்தாமல் என்ன செய்வான், பாவம்! வீட்டு வீடியோ, போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வைக்க, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அவனே சர்வராக மாற்றி ஹால் மூலையில் வைத்திருந்தான். இப்போது அதிலுள்ள ரெண்டு டிஸ்க்கும் திறக்க மாட்டேன் என்கிறது. 'மவுண்ட் ஆகவில்லை' என்று திரும்பத் திரும்ப அதே பதில். பெட்டியின் மேலே ஈரத்துணி இழுத்த தடம். முன்பக்கம் சந்தனம், குங்குமம்.

யு.பி.எஸ். இருப்பதால் கரண்ட் போனாலும் இப்படி ஆகாது. ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, துடைத்து, பொட்டு வைத்து, நல்ல பிள்ளையாகத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

யார் என்று கேட்கவா வேண்டும்? மனைவி ரஞ்சனிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. பூஜைக்கு ஒத்தாசையாக, மாமியார் லட்சுமியம்மாளை அவன்தான் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்தான். வந்த அம்மாள் குங்குமச் சிமிழைக் கையில் எடுத்தாள், அவ்வளவுதான். மிக்ஸி, கிரைண்டர், அவன் பைக், காஸ் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, ஒன்று தப்பவில்லை.

லட்சுமியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"நான்தான் மாப்ள. இன்னிக்கு மெஷினுக்கெல்லாம் ரெஸ்டு குடுக்கணும்ல? அதான் ஒயரப் புடுங்கிட்டேன்."

"அதுக்குள்ள இன்னா இருக்குதுன்னு தெரியுமா? எங்கம்மா இருக்காங்க அத்தை!"

எழிலரசனின் அம்மா கண்ணம்மாள் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. அப்பா முருகையனுக்கு மத்தியானச் சாப்பாட்டுத் தட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்து, பெண்டாட்டி பேசுகிற வீடியோ ஒன்றாவது பார்க்க வேண்டும். பார்த்தால்தான் சோறு இறங்கும்.

"வேற எதுலயும் ஒரு காப்பி எடுத்து வெக்கலியா மாப்ள?"

எழிலரசன் எங்கே எடுத்தான்? அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிப்போட்டது அவன்தானே. அந்தக் கோபமும் சேர்ந்து மாமியார் தலையில் விழுந்தது.

"தெரியலன்னா சும்மா இருக்கணும். உங்க சாமர்த்தியத்த உங்க வூட்டோட வெச்சுக்குங்க!"

சொல்லக் கூடாத வார்த்தை. லட்சுமியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்ளோ வேணா திட்டுங்க மாப்ள, வாங்கிக்கிறேன். ஆனா ஒயரப் புடுங்கித்தான் போச்சுன்னு சம்மந்திக்கு மட்டும் தெரிய வேணாம். கரண்டு கோளாறுன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

செய்வதையும் செய்துவிட்டு, சம்மந்தி முன்னால் மானம் வேறு போகக் கூடாதாம்! எழிலரசன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆட்டோ ஸ்டாண்டு பூஜைக்குப் போயிருந்த முருகையன், பொரிப் பொட்டலத்தோடு வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தார்.

"அம்மாவப் போடுடா."

"கரண்டு கோளாறு நைனா. நாளைக்கு வந்துடும்."

அவர் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டார்.

எழிலரசன் வேலையில் இறங்கினான். அவசரப்பட்டு ரிப்பேர் செய்தால் இருப்பதும் போய்விடும். அதனால் பழைய டிஸ்க்கில் எதுவும் எழுதாமல், அப்படியே புது டிஸ்க்குக்கு நகல் எடுத்தான். ரிப்பேர் எல்லாம் நகலில்தான். மாமியார் நாலு தடவை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "வந்துச்சா மாப்ள?" என்றாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் டிஸ்க் திறந்தது. வீடியோக்களின் பெயரெல்லாம் அழிந்து, வெறும் நம்பர்களாக வரிசையில் நின்றன. ஒன்றைத் தட்டினான்.

"டேய், போன கீழ வெய்டா! கொழம்பு தீயுது!"

அம்மா!

தட்டில் சோற்றோடு இருந்த முருகையன் வாய்விட்டுச் சிரித்தார். "அவ கொரலப் பாரேன்!" என்று இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். எழிலரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்க, சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவைத் திறந்தான். ஒயர் போன நேரம் அதில் இருந்தது. நேற்று, மத்தியானம் பன்னிரண்டு பத்து.

பன்னிரண்டு பத்தா?

அந்த நேரத்தில் அவன் பஸ் ஸ்டாண்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தான். மாமியார் ஊரிலிருந்து வரும் பனமலை பஸ் லேட். மாமியார் வந்து இறங்கியதே முக்கால் மணி கழித்துத்தான். அப்போது வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

எழுந்து சமையல்கட்டுக்குப் போனான்.

"அத்தை... ஒயரப் புடுங்குனது நைனாதான?"

லட்சுமியம்மாள் ஹால் பக்கம் எட்டிப் பார்த்துக் குரலைத் தணித்தாள்.

"மெதுவாப் பேசுங்க மாப்ள. நீங்க பைக்க நிறுத்திட்டு வர்றதுக்குள்ள, நான் வூட்டுக்குள்ள நொழைஞ்சதுமே ஆசையாக் கூப்ட்டுக் காட்டுனாரு. 'கண்ணம்மா இருக்கற பெட்டியாச்சே, மொதப் பொட்டு அவளுக்குத்தான்'னு சொன்னாரு."

"அப்பறம் ஏன் அத்தை என்கிட்ட அவ்ளோ திட்டு வாங்குனீங்க?"

"என்னைத் திட்டுனா ரெண்டு நாளு அழுவேன், அப்பறம் சரியாப் போயிடும். தன் கையாலயே பொண்டாட்டிய அழிச்சிட்டோம்னு தெரிஞ்சா, அந்த மனுசன் தாங்குவாரா?"