மூன்றாவது கை

சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று அக்காவின் கை முதலில் உயர்ந்தது. கொஞ்சம் பொறுத்து, தங்கையான பல் டாக்டரின் கையும்.

தொப்பிக்காரரின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில்தான் ஞாயிறுதோறும் கூட்டம். ஒரு காலத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்று கேட்டார்கள். பிறகு ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு மாற்றல், மற்றவர்களுக்குச் சலிப்பு. மிஞ்சியது மூன்று பேர்.

பந்தயக் குதிரைகளைச் சவுக்கால் அடிக்கக் கூடாது. கேட்டது அவ்வளவுதான்.

பந்தய மைதானத்தின் வாசலில் வெயில், மழை பார்க்காமல் பதாகை பிடித்து நின்றதற்குக் கிடைத்தது, சவுக்கின் நுனிக்கு ஒரு பஞ்சுறை. அடி விழுந்துகொண்டுதான் இருந்தது. சத்தம்தான் குறைந்தது.

"இன்னும் எத்தனை நாளைக்குடி சுவத்துல முட்டிக்கப் போற?" என்று அக்கா வருஷக்கணக்காகக் கேட்டு வந்தாள். இந்த வாரம் தங்கை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டதில் அவளுக்கே ஆச்சரியம். காரணத்தை டாக்டர் சொல்லவில்லை.

ஒருவர் மறுத்தாலும் கலைக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. எழுதியது டாக்டர்தான்.

அக்கா தொப்பிக்காரரை முறைத்தாள். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் போகிறவர் அவர். இன்று தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"எனக்கு மனசு வரல டாக்டர். பஞ்சு சுத்தினாலும் அதுங்களுக்கு வலிக்கத்தான் செய்யுது. கை ஓங்கும்போதே காதைப் பின்னால மடக்கிடுது. பாத்திருக்கீங்களா?"

டாக்டர் பார்த்ததில்லை. வாசலைத் தாண்டி அவளை யார் உள்ளே விட்டார்கள்?

பந்தய கிளப்பின் செயலாளர் போன வாரம் கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்திருந்தார். மரத்துப்போன உதட்டோடு சிரித்தபடியே சொன்னார், தொப்பிக்காரர் தங்கள் ஆள் என்று. இங்கே பேசுவதை அங்கே வந்து சொல்லச் சம்பளம் கொடுத்து வைத்த ஆள்.

இருப்பதே மூன்று பேர். அதில் ஒருவர் உளவாளி. கையைத் தூக்க டாக்டருக்கு அதற்கு மேல் காரணம் வேண்டியிருக்கவில்லை.

தூக்கிய கை இப்போது மெல்ல இறங்கியது.

"ஏண்டி, என்னாச்சு உனக்கு?" என்றாள் அக்கா.

டாக்டர் தொப்பிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் கிளம்பும்போது குத்தலாக இன்னொன்றும் சொல்லியிருந்தார். வெறும் அவமானமாக மட்டுமே அவள் அதை விழுங்கியிருந்தாள்.

"உங்களுக்கெல்லாம் ஆள் போடுறதே தண்டம்னு, ரெண்டு வருஷம் முன்னாடியே அவர் சம்பளத்தை நிறுத்திட்டோம்."